மண்பெட்டியில் ஒரு கடற்கரை

போன வாரம் விளாங்குடியில் என் வீட்டுக்கு ஓவர்சியர் முத்துராமன் வந்தார். நான் ஆயுசெல்லாம் உழைத்த, தண்ணீருக்காகப் பூமியைத் துளைக்கும் அதே போரிங் இலாகாவில் இப்போது வேலை பார்க்கிறவர். கையில் ஒரு பொட்டலம். பெரியவர்களைப் பார்க்கப் போனால் பழம் வாங்கிக்கொண்டு போவது ஊர் வழக்கம். எங்கள் இலாகாவில் மண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போவார்கள். பிரித்தால் கறுப்புச் சேறு.

"ஐயா, நம்ம ஆபீஸ் வராந்தாவுல ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்குல்ல, அதுல 'ஆதிகாலக் கடற்கரை மணல்'னு எழுதி வெள்ளையா மணல் வச்சிருக்காங்களே, அது உங்க காலத்துல எடுத்ததாமே?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"நரியேந்தல்ல துளை போட்டுக்கிட்டு இருக்கோம். உப்புத்தண்ணி ஊரு. கிளிஞ்சல் வந்துச்சு. அதுக்குக் கீழ இந்தக் கறுப்புச் சேறு வருது. கண்ணாடிப் பெட்டியில கிளிஞ்சலுக்குக் கீழ வெள்ளை மணல் இருக்கு. இங்க அது வரவே இல்லை. பெட்டியோட ஒத்துப்போகாட்டி துளையை மூடிறணும்னு ஆர்டர். திங்கக்கிழமை குழாயை உருவச் சொல்லிட்டாங்க. இதுல பக்கத்து ஊர்க்காரரு ஒருத்தரு தெனமும் வந்து தண்ணியக் குடிச்சுப் பாத்துட்டு மூஞ்சியச் சுளிச்சுட்டுப் போறாரு. அவரு தொல்லை வேற."

எங்கள் காலத்தில் கீழே இருந்து வந்த மண்ணைக் கையில் எடுத்து, மோந்து, வாயில் வைத்து, அப்புறம்தான் அது இன்னது என்று சொல்வோம். இப்போது அந்தச் சிரமம் எல்லாம் கிடையாது. கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தால் போதும். துரைமார் கப்பலேறிப் போய்விட்டார்கள். அவர்கள் பூட்டிவிட்டுப் போன பெட்டி மட்டும் வராந்தாவில் உட்கார்ந்து உத்தியோகம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"உக்காருங்க தம்பி. காபி வரும். அந்தக் கடற்கரை எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்றேன்" என்றேன். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பள்ளிப் படிப்பு முடித்த எனக்கு, கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்ற ஒரே தகுதியில் அந்த இலாகாவில் வேலை கிடைத்தது. பூமியைத் துளைப்பதைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அது ஒரு குறையாக யாருக்கும் படவில்லை. எனக்குப் பதவி மண்பெட்டிக் குமாஸ்தா. மண்பெட்டி என்பது நீளமான மரப்பெட்டி. உள்ளே அஞ்சறைப்பெட்டி மாதிரி அறை அறையாகத் தடுத்திருக்கும். முக்காலி போல மூன்று மரங்களை நட்டு, கயிற்றில் கனத்த இரும்பு உளியைக் கட்டி, ஆட்கள் இழுத்து இழுத்துத் துளைக்குள் போடுவார்கள். இடிபட்ட மண்ணை நீளவாளியை இறக்கி அள்ளுவார்கள். பக்கத்து மண் சரியாமல் இருக்க இரும்புக் குழாயைத் துளைக்குள் இறக்கிக்கொண்டே போவார்கள். வாளியில் வருகிற மண்ணை ஆழத்தின் வரிசைப்படி பெட்டியின் அறைகளில் போட்டு, ஒவ்வொன்றிலும் ஆழத்தை எழுதி ஒட்டவேண்டும். முத்து முத்தான கையெழுத்து அதற்குத்தான்.

மதுரையைச் சுற்றி இந்த வேலையில் ரசமே கிடையாது. எங்கே தட்டினாலும் கருங்கல். அழகர்கோவில் பக்கம் போனால் கல் மலையாகவே எழுந்து நிற்கும். கிழக்கே மானாமதுரையைத் தாண்டிப் போகப் போகத்தான் கல் கீழே இறங்கி, அதன் மேல் மண் அடுக்கு அடுக்காகக் கனத்துக்கொண்டே போகும். எங்கள் முகாமெல்லாம் அந்தப் பொட்டல்வெளியில்தான்.

முகாமுக்குத் தலைவர் ராஜகோபால் சார். கல்லூரியில் மண்ணையும் கல்லையும் படித்துவிட்டு வந்தவர். மண்ணையும் கல்லையும் படிக்கக் காலேஜா என்று மதுரையில் அவர் வீட்டாரே கேட்டார்களாம். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, பேச்சு குறைவு. வாளி மேலே வந்ததும் ஒரு சிட்டிகை மண்ணை எடுப்பார். விரலில் நசுக்குவார். மோந்து பார்ப்பார். பிறகு முன்பல்லுக்கு நடுவில் வைத்து மெதுவாகக் கடிப்பார். நறநறவென்றால் வண்டல், வெண்ணெய் மாதிரி வழுக்கினால் களி. கடித்து முடித்துத் துப்பி வாய் கொப்பளிக்கிற வரைக்கும் கலெக்டரே வந்து நின்றாலும் பேசமாட்டார். ஆட்கள் அவருக்கு மண்ணுண்ணி என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும்.

அவர் சொல்லித்தான் எனக்கு அந்தப் பெட்டி வெறும் மண் இல்லை என்று தெரிந்தது. சித்திரையில் அழகர் இறங்குகிறபோது வைகையில் கணுக்கால் நனையத் தண்ணீர் இருக்குமா என்று கவலைப்படுகிற ஊர்க்காரன் நான். என்னிடம் போய், இந்தப் பொட்டல் ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்தது, அதுவும் ஒரு தடவை இல்லை, வந்து வந்து போயிருக்கிறது என்றார். கேட்டுக்கொண்டேன். மேலதிகாரி சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதானே.

"கடல் குதிச்சு வராதுப்பா, நடந்துதான் வரும்" என்பார். "முதல்ல இங்க ஆறு ஓடிச்சு, பெருமணலைக் கொட்டிச்சு. கடல் மட்டம் ஏறி ஏறிக் கிட்ட வந்தப்ப ஆத்துவாய் சதுப்பாப் போச்சு. எலைதழை அழுகிக் கறுப்புச் சேறாச்சு. இன்னும் ஏறினப்ப அதுக்கு மேல கடலே நின்னுச்சு. அதுதான் சாம்பல் களி, கிளிஞ்சல். ஆறு, சதுப்பு, கடல். பக்கத்துல பக்கத்துல இருந்ததெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா ஏறி உக்காந்துருக்கு. நாம மேலேருந்து தோண்டுறதால கதையக் கடைசிலேருந்து படிக்கிறோம், அம்புட்டுதான்."

அதாவது, கிளிஞ்சல் வந்தால் பயப்படக்கூடாது. அதற்குக் கீழே கறுப்புச் சேறு வந்தால் கடலைத் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம். சேற்றுக்கும் கீழே ஆற்று மணல் இருக்கும். மேலே களி மூடி போட்டிருப்பதால் கடலின் உப்பு அதற்குள் இறங்கியிருக்காது, நல்ல தண்ணீர் இருக்கும். மேலே இருக்கிற உப்புத்தண்ணீரைக் குழாய் தடுத்துக்கொள்ளும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சீமையில் அதற்கு முன் போட்ட துளைகளில் கிளிஞ்சலைக் கண்டதும், போதும்டா சாமி என்று மூடிவிட்டு வந்திருந்தார்கள். கடைசி வரைக்கும் போய்ப் பார்த்தவர் யாரும் இல்லை.

அப்படித்தான் கொன்றையேந்தலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்த ஊரில் கிணறு எல்லாம் உப்பு. பருப்பு வேகாது, வேட்டி வெளுக்காது. பெண்கள் விடிவதற்கு முன்னால் குடத்தோடு அடுத்த ஊர் ஊரணிக்கு நடப்பார்கள். அந்த ஊருக்குப் பெண் கொடுக்க யாரும் தயாராக இல்லை. உள்ளூர் ஆள் கருப்பையா எங்களிடம் கயிறு இழுக்கச் சேர்ந்தான். நல்ல உழைப்பாளி, முப்பதைத் தாண்டியவன், கல்யாணம் ஆகாதவன். அவனுக்கு முறைப்பெண் இருந்தாள், மீனாள் என்று பெயர். தாய்மாமன் சோலைமலையின் மகள். திருப்புவனத்துப் பக்கம் வைகைத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள். அவளுக்கும் இவன்மேல் விருப்பம்தான். தடை தண்ணீர் ஒன்றுதான்.

சோலைமலை வாராவாரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முகாமுக்கு வருவார். வாளித் தண்ணீரை ஒரு கை ஏந்துவார். வாயில் ஊற்றிக் கண்ணை மூடுவார். அப்புறம் பிளிச்சென்று துப்புவார். இலாகா மெட்ராஸில் ஒரு கெமிஸ்டை வைத்துச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது. கொன்றையேந்தலைப் பொறுத்தவரை கெமிஸ்ட் இவர்தான்.

"மாப்ள, முறை இருக்கு, நான் இல்லைங்கலை. தண்ணி இருக்கா?" என்பார் கருப்பையாவிடம். "எம்மக ராத்திரியில குடத்தத் தூக்கிக்கிட்டு ஊரு ஊரா நடக்கணுமா? ஆவணி வரைக்கும் பாக்கேன். சோழவந்தான்ல ஒரு எடம் கேட்டு வந்துருக்கு. வீட்டு வாசல்ல வாய்க்கா ஓடுது."

கருப்பையா அதைக் கேட்டுக்கொண்டே கயிற்றை இன்னும் வேகமாக இழுப்பான்.

கிளிஞ்சல் வந்தது. ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. ஒரு கிழவர் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டார். அதற்கப்புறம் ஒரு நாள் வாளி மேலே வந்தபோது முகாமே மூக்கைப் பொத்தியது. அழுகின முட்டை நாற்றம். கறுப்புச் சேறு. ராஜகோபால் சார் ஒரு சிட்டிகை எடுத்தார். நாங்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். கடித்தார், துப்பினார், கொப்பளித்தார். "கடல் தாண்டியாச்சு" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கருப்பையாவின் தோளைத் தட்டி, "மாமனை ஆவணி வரைக்கும் பொறுக்கச் சொல்லு" என்றார்.

நான் சேற்றைப் பெட்டியில் நான்கைந்து அறைகளில் போட்டு ஆழம் எழுதி ஒட்டினேன்.

அந்த வாரமே சாருக்கு வயிறு கெட்டுப்போனது. வருஷக்கணக்காக மண் தின்று ஒன்றும் ஆகாதவர், மதுரையில் ஒரு கல்யாண விருந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டார். அவர் படுக்கையில் இருக்கிற நேரம் பார்த்து, பெரிய துரை இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறார் என்று தகவல் வந்தது.

முகாமில் அப்போது பொறுப்பு சங்கிலி மேஸ்திரிக்கு. கெட்டவர் இல்லை. ஆனால் இன்ஸ்பெக்ஷன் என்ற சொல்லைக் கேட்டால் அவருக்குச் சாமி வந்துவிடும். வழியோரக் கற்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். உளியைத் துலக்கச் சொன்னார். என்னை மானாமதுரை ஸ்டேஷனுக்குத் துரத்தினார். துரை குடிக்கச் சோடாவும், மதுரையிலிருந்து ரயிலில் மரத்தூளுக்குள் வரும் பனிக்கட்டியும் வாங்கி வரவேண்டும். வாங்கிக்கொண்டு மாட்டுவண்டியில் திரும்பினேன். வந்து சேர்ந்தபோது சோடா இருந்தது, பனிக்கட்டிக்குப் பதில் ஈரச்சாக்கு இருந்தது.

துரை பெட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். பெட்டியைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கிளிஞ்சல்களைத் தேய்த்துக் கழுவிக் கோலம் மாதிரி அடுக்கியிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில், நான் கறுப்புச் சேறு போட்ட அறைகளில், பளபளவென்று வெள்ளை மணல்.

துரை தன்கூட வந்தவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எனக்குப் புரிந்தது இதுதான்: கிளிஞ்சல், அதன் கீழ் சுத்தமான வெண்மணல், ஆகவே இது பழைய கடற்கரை, கடற்கரைக்குக் கீழேயும் கடல்தான், இன்னும் தோண்டினால் இன்னும் உப்பு, வேலையை நிறுத்து, குழாய்களை உருவு, கூடாரத்தைப் பிரி. அந்தப் பெட்டியில் இருந்ததை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பெரிய தப்பில்லை. பெட்டியில் இருந்ததுதான் தப்பு.

"சார், அங்கே கறுப்புச் சேறு இருந்தது" என்றேன்.

"எங்கே, காட்டு" என்றார்.

பெட்டியைக் காட்டினேன். வெள்ளை மணல் மினுங்கியது. துரை என்னையும், என் கையில் இருந்த ஈரச்சாக்கையும் பார்த்தார். எழுத்தில் ஆர்டர் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

கருப்பையா கயிற்றுச்சுருளின் மேல் உட்கார்ந்துவிட்டான். "அப்ப மாமா சொன்னதுதேன் சரி, என்னண்ணே?" என்றான் என்னைப் பார்த்து. ஈரச்சாக்கைக் கீழே போட்டேன். குழாயை உருவினால் துளை சரிந்து மூடிக்கொள்ளும். அப்புறம் அந்த ஊருக்கு இன்னொரு துளை போட எந்தக் காலத்தில் யார் வருவார்கள்?

மறுநாள் ராஜகோபால் சார் கஞ்சி குடித்த முகத்தோடு வந்து இறங்கினார். ஆர்டரைப் படித்தார். பெட்டியிடம் போனார். வெள்ளை மணலில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் வைத்தார். கடித்தார். எதையோ நாக்கு நுனியில் ஒதுக்கி விரலில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். கறுப்பாக ஒரு துணுக்கு.

"ஏம்ப்பா மேஸ்திரி, சமுத்திரக் கரையில போயி யாரு அடுப்புக்கரி கொட்டினது?" என்றார்.

மேஸ்திரியின் முகம் வெளுத்துவிட்டது. முகாமில் குடிதண்ணீர் வடிகட்ட ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று பானை வைத்திருந்தோம். ஒன்றில் கரி, ஒன்றில் மணல். துரை வருகிறார் என்று மதுரையில் வைகைக்குள் இறங்கி, நல்ல மணலாகச் சலித்து, கழுவி, புதிதாகக் கொண்டு வந்து வைத்திருந்த மணல் அது.

"சார், பொட்டி ஒரே நாத்தம். அதப் போயித் துரை மூக்குக்கு நேரா நீட்டவா முடியும்? சேத்தக் கொட்டிட்டேன். அறை வெறுமனே கெடந்தா வேலை செய்யலைம்பாரு. அதேன் இருந்த மணலப் போட்டு வச்சேன். பாக்க லச்சணமா இருந்துச்சு சார்."

சார் திட்டவில்லை. நானாக இருந்தால் அந்த மூன்று பானையையும் அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். "எங்க கொட்டினே?" என்று மட்டும் கேட்டார். கூடாரத்துக்குப் பின்னால் கருவேல மரத்தடியில் குவிந்து கிடந்தது. குந்தி உட்கார்ந்து அந்தக் குவியலிலிருந்து எடுத்து மறுபடியும் கடித்துப் பார்த்தார். உள்ளே மக்கிப்போன இலை நரம்பு ஒன்று அப்படியே இருந்தது. அதை என் உள்ளங்கையில் வைத்தார்.

துரைக்கு எழுதிப் பதில் வாங்குவதற்குள் ஆவணி முடிந்து தீபாவளியும் வந்துவிடும். அதற்குள் மேலிருந்து ஆள் வந்து குழாயை உருவிக்கொண்டு போய்விடும். சார் வாய் கொப்பளித்துவிட்டு எல்லோரையும் கூப்பிட்டார்.

"குழாயை எடுக்கச் சொல்லி ஆர்டர். ஆர்டர்னா ஆர்டர்தான். எடுப்போம்" என்றார்.

கருப்பையா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கப்பியில் கயிற்றை மாட்டினான். எல்லோரும் சேர்ந்து இழுத்தோம். குழாய் அசையவில்லை. களி இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. அதுவும் சாருக்கு முன்னமே தெரியும்.

"இலாகா விதி என்ன சொல்லுது?" என்று மேஸ்திரியைக் கேட்டார்.

மேஸ்திரிக்கு விதியெல்லாம் மனப்பாடம். "குழாய் மாட்டிக்கிட்டா, அடியில தோண்டி மண்ண இளக்கிட்டுத்தேன் உருவணும், சார்."

"அப்ப இளக்கு."

மேஸ்திரி விழித்தார். கருப்பையாவுக்குத்தான் முதலில் விளங்கியது. உளியைத் தூக்கி வந்து மாட்டினான். அன்று அவன் கயிறு இழுத்த வேகத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

இளக்கினோம். இளக்க இளக்கக் குழாய் மேலே வருவதற்குப் பதிலாகக் கீழே இறங்கியது. அதற்கு நாங்கள் என்ன செய்வோம்? மதுரைக்குச் சார் தவறாமல் தகவல் அனுப்பினார்: "குழாய் எடுக்கும் வேலை நடக்கிறது. குழாய் நன்றாக இளகியிருக்கிறது." ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆபீஸிலிருந்து, துரிதப்படுத்தவும் என்று பதில் வந்தது. துரிதப்படுத்தினோம்.

நாற்றம் குறைந்தது. சேறு வெளுத்தது. ஒரு நாள் மத்தியானம் வாளி கனமாக மேலே வந்தது. கவிழ்த்தால் பெருமணல், பருக்கை பருக்கையாக. சார் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் வைத்தார். எட்டக் கேட்கும்படி நறநறத்தது. துப்பிவிட்டு, "ஆறு" என்றார். குழாய்க்குள் தண்ணீர் சரசரவென்று ஏறுகிற சத்தம் எங்களுக்கே கேட்டது.

கைப்பம்பு மாட்டிக் கலங்கல் தெளிகிற வரைக்கும் அடித்தோம். ஆள் அனுப்பிச் சோலைமலையை வரவழைத்தோம். ஆவணி பிறந்திருந்தது. அவரோடு மீனாளும் வந்தாள், இடுப்பில் ஒரு குடத்தோடு. ஊரே சுற்றி நின்றது. சோலைமலை ஒரு கை ஏந்தி வாயில் ஊற்றிக் கண்ணை மூடினார். மூடினவர் திறக்கவில்லை. கருப்பையா பம்பின் கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சு விடாமல் நின்றான். அந்த மனிதர் இன்னும் வாயில் வைத்துக்கொண்டே யோசிக்கிறார். அதற்குள் மீனாள் குடத்தைப் பம்புக்கு அடியில் வைத்து, "அடிங்க" என்றாள் கருப்பையாவிடம். குடம் நிறைந்ததும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "அப்பா, முழுங்குங்க. நல்ல தண்ணிதேன்" என்றாள்.

சோலைமலை முழுங்கினார். அப்புறமும் விடவில்லை. "சாரு, இது எம்புட்டு நாளைக்கு? திரும்ப உப்பாயிறாதே?"

"கடல் திரும்ப நடந்து வாரதுக்குள்ள உங்க மக கொள்ளுப்பேரன் எடுத்துருவா" என்றார் சார்.

கல்யாணத்தில் எங்களுக்கு முதல் பந்தி. சார் மட்டும் விருந்து என்றதும் பயந்து மோர்சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

தண்ணீர் வந்ததும் துரைக்குச் சந்தோஷம். தான் பார்வையிட்ட துளையில் தண்ணீர் வந்ததல்லவா? கடற்கரையைத் தான் கண்டுபிடித்த பிறகுதான் தண்ணீர் வந்தது, ஆகவே நல்ல தண்ணீருக்குக் கடற்கரைதான் அடையாளம் என்று முடிவு கட்டினார். உப்பு வரும் என்று தான் சொன்னதை மறந்துவிட்டார். மண்பெட்டி மதுரை ஆபீஸுக்குக் கண்ணாடி போட்டு வைக்கப் போனது. துரை கண்டுபிடித்த மணலை எடுக்கக்கூடாது என்று ஆர்டர், அதனால் சார் கருவேல மரத்தடிச் சேற்றை அள்ளித் தனி அறையில் போட்டு, உண்மையை எழுதி ஒட்டி அனுப்பினார். ஆபீஸ் வராந்தாவிலும் அது நாறியது. அங்கேயும் ஒரு சங்கிலி மேஸ்திரி இருந்திருப்பார் போலும், கொட்டிவிட்டார்கள். சார் கடைசி வரை எழுதிப் பார்த்தார், நானும் ரிட்டயர் ஆகிற வரை சொல்லிப் பார்த்தேன். பெட்டி பூட்டியிருக்கிறது, சாவி மெட்ராஸில் இருக்கிறது என்றார்கள். வைகை கடலுக்குப் போய்ச் சேராத ஆறு. எங்கள் இலாகாவின் புண்ணியத்தில் அதன் மணல் கடற்கரை ஆகிவிட்டது.

இதைச் சொல்லி முடித்தபோது முத்துராமனின் காபி ஆறிப்போயிருந்தது. நான் அவர் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகைச் சேற்றை எடுத்து முன்பல்லில் வைத்தேன். இருக்கிற பல் போதும். வழுக்கியது, நடுவில் இலைச்சக்கை சிக்கியது, நாற்றம் மூக்கில் ஏறியது. கொல்லைக்குப் போய்த் துப்பிக் கொப்பளித்துவிட்டு வந்தேன்.

"தெனமும் தண்ணியக் குடிச்சுப் பாக்க வாராருன்னீங்களே, அவரு எந்த ஊரு?"

"கொன்றையேந்தல். அவரு அக்கா மகன் நரியேந்தல்ல இருக்கான், அவனுக்கு இவரு மகளைக் கேக்காங்களாம். 'முறை இருக்கு, தண்ணி இருக்கா?'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டுத் துப்பிட்டுப் போறாரு. பேரு கூட கருப்பையாவோ என்னமோ."

எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. அந்தப் படுபாவியைப் போய் நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்று தோன்றியது. முத்துராமன் பொட்டலத்தை மடித்துக்கொண்டு எழுந்தார்.

"சேத்துக்குக் கீழ ஆறு இருக்குன்னு இப்பத் தெரியுது, ஐயா. ஆனா ஆர்டர் இருக்கே. திங்கக்கிழமை குழாயை உருவணுமே."

"ஆர்டரை மீறாதீங்க தம்பி. கட்டாயம் உருவுங்க" என்றேன். "இழுத்தா வராது, களி புடிச்சிருக்கும். அப்ப என்ன செய்யணும்?"

வாசலுக்குக் கிளம்பியவர் நின்று திரும்பினார்.

"அடியில இளக்கணும்" என்றார்.